காரின் எண்ணெயை எப்போது மாற்ற வேண்டும்?

கார் வைத்திருப்போரை அடிக்கடி குழப்பும் கேள்வி ஒன்று உண்டு. எஞ்சின் எண்ணெயை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? பட்டறைக்காரர் 5,000 என்பார். காருடன் வந்த கையேடு 10,000 என்று சொல்லக்கூடும். பக்கத்து வீட்டுக்காரர் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, “கறுத்துவிட்டதே, உடனே மாற்றிவிடுங்கள்” என்பார். கியர் பெட்டியில் இருக்கும் எண்ணெயைப் பற்றியோ பெரும்பாலும் எவரும் பேசுவதே இல்லை.

இதில் தவறு இரு பக்கமும் நேரலாம். நல்ல எண்ணெயை வடித்துக் கொட்டினால் பணம் வீண். மண்ணும் நீரும் மாசுபடும். கெட்ட எண்ணெயோடு ஓட்டினால் எஞ்சினே வீண். தேய்ந்துபோன எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்ய ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்கு வேண்டிய எண்ணெயை வாங்கிவிடலாம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாள் கூலியும் போவதாகும்.

எனவே எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வதைவிட, எண்ணெய் எதனால் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால் உங்கள் காருக்கு உரிய காலத்தை நீங்களே ஓரளவு கணித்துவிட முடியும்.

மயிரிழையினும் மெல்லிய படலம்

மாருதி 800 காரை நம்மில் பலரும் அறிவோம். 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை அது தயாராகி வந்தது. அதன் எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை கீழே வந்து ஒருமுறை மேலே போகிறது. ஆக 144 மில்லிமீட்டர். 144-ஐ 50-ஆல் பெருக்கினால் நொடிக்கு 7.2 மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு பிஸ்டன் சிலிண்டர் சுவரை ஒட்டி ஏறக்குறைய 26 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது!

உலோகம் உலோகத்தோடு நேராக உரசி இப்படி ஓடுமானால் சில நிமிடங்களிலேயே சூடேறி, ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு நின்றுவிடும். அப்படி நேராமல் காப்பது இடையே உள்ள எண்ணெய்ப் படலம். கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே இந்தப் படலம், மிக மெலிந்த இடத்தில், சில மைக்ரான் கனமே இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் தடிப்பு உடையது.

இவ்வளவு மெல்லிய படலம் அத்தனை பெரிய சுமையை எப்படித் தாங்குகிறது? இதற்கு விடை கிடைத்த கதை சுவையானது. 1883-ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தில் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காகப் பூஷாம் டவர் என்பவர் ரயில் வண்டியின் அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது, அத்துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக மேலே பொங்கி வழிந்தது. துளையை ஆப்பு வைத்து அடைத்தார். ஆப்பும் மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. பிறகு அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். சுமையைப் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் சராசரி அழுத்தத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் அது காட்டியது. அதாவது அச்சு தாங்கியின் மேல் உராய்ந்து சுழலவில்லை. எண்ணெயின் மேல் மிதந்து சுழன்றது.

1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதன் காரணத்தைக் கணித வழியில் விளக்கினார். சுழலும் தண்டு தன்மேல் ஒட்டிய எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே உள்ள இடம் ஆப்பு வடிவில் குறுகிக்கொண்டே போகிறது. குறுகிய இடத்தில் நுழைக்கப்படும் எண்ணெய் வெளியேற வழியின்றி அழுத்தம் பெற்றுத் தண்டைத் தூக்குகிறது. மழை நீர் தேங்கிய தார்ச் சாலையில் வேகமாகச் செல்லும் கார், சில வேளை தரையை விட்டு நீரின் மேல் வழுக்கிச் செல்வதும் இதே விதிப்படிதான்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை மனத்தில் கொள்க. முதலாவது, தண்டு சுழன்றால்தான் படலம் உண்டாகும். எஞ்சினைக் கிளப்பும் முதல் சில விநாடிகளில் படலம் முழுமையாக இருப்பதில்லை. இரண்டாவது, படலம் சில மைக்ரான் கனமே ஆதலால், அதே அளவுள்ள கடினமான தூசி ஒன்று இடையே புகுந்தாலும் உலோகத்தைக் கீறிவிடும்.

எண்ணெய் தேய்வதில்லை, நிரம்புகிறது

எண்ணெய் ஓடி ஓடித் தேய்ந்துபோகிறது என்று நாம் நினைக்கிறோம். எண்ணெயின் பெரும் பகுதியாகிய அடிப்படை எண்ணெய் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. நடப்பது வேறு. எஞ்சினில் உண்டாகும் வேண்டாத பொருள்கள் எல்லாம் எண்ணெயில் வந்து சேர்கின்றன. அவற்றைச் சமாளிப்பதற்காக எண்ணெயில் கலந்துள்ள மருந்துப் பொருள்கள் சிறிது சிறிதாகத் தீர்ந்துபோகின்றன. இவ்விரண்டும் சேர்ந்ததே எண்ணெயின் முதுமை.

வந்து சேரும் பொருள்களில் எதிர்பாராத ஒன்று தண்ணீர். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகுமா என்று வியக்க வேண்டாம். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஆக்டேன் என்னும் பொருளை வைத்துக் கணக்கிட்டால், 114 கிராம் ஆக்டேன் எரியும்போது 162 கிராம் நீர் பிறக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் கார், 3 கிலோமீட்டர் தூரம் போய்வருவதற்குள் ஒரு டம்ளர் நீரை உண்டாக்கிவிடுகிறது. காலையில் கிளப்பிய காரின் புகைபோக்கிக் குழாயிலிருந்து சொட்டும் நீரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்நீரின் பெரும் பகுதி ஆவியாகப் புகையோடு வெளியேறிவிடும். ஆனால் பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி அவற்றைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. அதோடு நீராவி இறங்குகிறது. கரித்துகள் இறங்குகிறது. எரியாத பெட்ரோல் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எரியும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜன் ஆக்சைடுகளாகி, நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. எரிபொருளில் கந்தகம் இருந்தால் அதுவும் அமிலமாகும். 2020 ஏப்ரல் முதல் இந்தியா முழுவதும் விற்கப்படும் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆதலால் இக்கேடு முன்னைவிடக் குறைந்துள்ளது. நைட்ரஜனால் வரும் அமிலமோ நீங்கவில்லை.

இவையன்றி, காற்று வடிகட்டியைத் தப்பி வந்த மண் துகளும், தேய்ந்த உலோகப் பொடியும் உண்டு. எண்ணெய் வடிகட்டி பெரிய துகள்களைப் பிடித்துக்கொள்ளும். சுமார் 20, 30 மைக்ரானுக்குக் குறைந்தவற்றில் பெரும்பாலானவை அதன் வழியே நழுவிவிடும்.

வெப்பமும் தன் பங்கைச் செய்கிறது. சூடான எண்ணெய் காற்றோடு சேர்ந்து ஆக்சிகரணம் அடைந்து, கெட்டியாகிப் பிசினாகிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இவ்வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். தொட்டியில் 100 டிகிரி அளவில் இருக்கும் எண்ணெய், பிஸ்டன் வளையங்களின் அருகே 200 டிகிரிக்கும் மேல் சூடாகிறது.

எண்ணெயில் கலந்த மருந்துகள்

இத்தனை பகையையும் சமாளிக்க எண்ணெய்த் தயாரிப்பாளர் பலவகைச் சேர்மங்களைக் கலக்கின்றனர். அவற்றுள் முக்கியமானவை மூன்று.

முதலாவது, காரத் தன்மையுள்ள கால்சியம் அல்லது மக்னீசியம் சேர்மம். வயிற்றுப் புளிப்புக்கு நாம் உட்கொள்ளும் மருந்தைப் போல இது அமிலத்தை முறிக்கிறது. சூடான பாகங்களில் படியும் அழுக்கையும் கழுவுகிறது. அமிலத்தை முறிக்க முறிக்க இக்காரக் கையிருப்பு குறைந்துகொண்டே வரும்.

இரண்டாவது, கரித்துகள்களைத் தனித்தனியே பிரித்து மிதக்க வைக்கும் பொருள். சீயக்காய் தலையின் எண்ணெய்ப் பிசுக்கைச் சூழ்ந்து நீரில் மிதக்க வைப்பதைப் போல, இது ஒவ்வொரு கரித்துகளையும் சூழ்ந்து எண்ணெயில் மிதக்க வைக்கிறது. துகள்கள் ஒன்றுகூடினால் களிம்பாகத் திரண்டு எண்ணெய்க் குழாய்களை அடைத்துவிடும். தனித்தனியே மிதக்கும் வரை தீங்கு குறைவு.

மூன்றாவது, துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவை சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும் இடங்களில், உராய்வின் வெப்பத்தால் இது சிதைந்து, உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் பூச்சாகப் படிகிறது. அப்பூச்சு தேயும்; உலோகம் தப்பிக்கும். பூச்சு தேயத் தேய மீண்டும் படிய வேண்டும். ஆதலால் இப்பொருளும் நாளடைவில் தீரும்.

இப்போது நிறத்தைப் பற்றிய ஐயம் தெளிவாகும். எண்ணெய் கறுத்திருப்பது, இரண்டாவதாகச் சொன்ன பொருள் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதன் அடையாளம். அழுக்கு எஞ்சினில் படியாமல் எண்ணெயில் மிதக்கிறது என்பதே அதன் பொருள். டீசல் எஞ்சினில் புது எண்ணெய் ஊற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். நிறத்தைக் கண்டு எண்ணெயின் ஆயுளைச் சொல்ல முடியாது. ஆனால் கறுப்புக்குப் பதிலாக, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெளிறிய வெண்ணெய் போன்ற பிசுக்குக் காணப்பட்டால் கவனிக்க வேண்டும். எண்ணெயில் நீர் கலந்துள்ளது என்பதற்கு அது அறிகுறி.

நியூயார்க் டாக்சிகள் சொன்ன பாடம்

அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எண்ணெய் மாற்றுவது நெடுங்காலப் பழக்கம். இது உண்மையில் தேவைதானா என்று ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் நுகர்வோர் இதழ் சோதித்துப் பார்த்து, முடிவை 1996-இல் வெளியிட்டது. நியூயார்க் நகரத்து டாக்சிகள் 75-ஐத் தேர்ந்தெடுத்தனர். புதிதாகச் சீரமைத்த எஞ்சின்களைப் பாகம் பாகமாக அளந்து அவற்றில் பொருத்தினர். ஒவ்வொரு டாக்சியும் 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர் ஓடியது. பெரும்பாலானவற்றில் 6,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப்பட்டது; சிலவற்றில் 3,000 மைலுக்கு ஒருமுறை. முடிவில் எஞ்சின்களைப் பிரித்துத் தேய்மானத்தையும் படிந்த அழுக்கையும் மீண்டும் அளந்தனர்.

இரு வகைக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. நெரிசல் மிகுந்த நகரத்தில், நின்று நின்று ஓடிய வண்டிகளிலேயே இரு மடங்கு தூரம் எண்ணெய் தாங்கியது.

ஆனால் அவ்விதழ் தானே ஓர் எச்சரிக்கையும் தந்தது. டாக்சி நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி. அதன் எஞ்சின் ஆறுவதே அரிது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் நேரங்கள் மிகக் குறைவு. ஆகவே சிறு தூரம் போய் நிறுத்தி, ஆறவிட்டு, மீண்டும் கிளப்பும் கார்களுக்கு இம்முடிவு பொருந்தாது என்பதே அந்த எச்சரிக்கை.

இவ்வெச்சரிக்கையில்தான் நமக்கு வேண்டிய விடை அடங்கியுள்ளது.

பத்தாயிரம் கிலோமீட்டர் இரு வகை

இரண்டு கார்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. இரண்டும் 10,000 கிலோமீட்டர் ஓடிவிட்டன. முதல் கார் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே மட்டும் ஓடியது. ஒரு பயணம் சுமார் 460 கிலோமீட்டர். ஆக 22 பயணங்களில் கணக்கு முடிந்துவிட்டது. இரண்டாவது கார் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், கடைக்குப் போகவும் பயன்பட்டது. ஒவ்வொரு முறையும் 3 கிலோமீட்டர். அதற்கு 10,000 கிலோமீட்டர் என்பது 3,300-க்கும் மேற்பட்ட பயணங்கள். அத்தனையும் ஆறிய எஞ்சினைக் கிளப்பியவை என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் காரின் எண்ணெய் ஒவ்வொரு பயணத்திலும் நன்கு சூடேறி, சேர்ந்த நீரையும் பெட்ரோலையும் ஆவியாக வெளியேற்றிவிட்டது. இரண்டாவது காரின் எண்ணெய் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. குளிர்நீர் சூடாகி முள் ஏறிவிட்டதே என்று எண்ணலாம். எண்ணெய் அதைவிட மெதுவாகச் சூடேறும். ஆதலால் ஒவ்வொரு பயணத்திலும் சிறிது நீரும் பெட்ரோலும் தொட்டியிலேயே தங்கி, அமிலத்தோடு சேர்ந்து களிம்பாகின்றன.

நம் நாடு வெப்ப நாடாயிற்றே, குளிர்ந்த எஞ்சின் என்ற பேச்சு இங்கு எதற்கு என்று கேட்கலாம். மார்கழிக் காலையும் சித்திரைக் காலையும் எஞ்சினுக்குப் பெரிதும் ஒன்றே. அது விரும்புவது 90 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம். அதனோடு ஒப்பிட்டால் 30 டிகிரி குளிர்தான்.

தூரமானியில் இரண்டு கார்களும் ஒரே எண்ணைக் காட்டினாலும், எண்ணெயின் நிலை ஒன்றன்று. கையேடுகள் ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அது’ என்று சொல்வதன் காரணம் இதுவே. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார் பெரும்பாலும் சிறு பயணமே செய்யும் என்பது அதன் உட்பொருள். குறைவாக ஓட்டுகிறோம், எண்ணெய் புதிதாகவே இருக்கும் என்று மூன்று ஆண்டுகள் விட்டுவைப்பது தவறு.

கையேட்டில் ‘கடின உபயோகம்’ என்ற தலைப்பில் தனியே ஒரு பட்டியல் இருக்கும். பலரும் அதைப் படிப்பதில்லை. சிறு தூரப் பயணங்கள், நெரிசலில் நெடுநேரம் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்பது, புழுதிச் சாலை, மலைப் பாதை, அதிகச் சுமை ஆகியவை அப்பட்டியலில் வரும். இவற்றுள் ஒன்றே உங்கள் அன்றாட வழக்கம் என்றால், அங்கே தந்துள்ள குறைந்த கால அளவையே பின்பற்றுங்கள். பல கார்களுக்கு அது இயல்பான அளவில் பாதியாக இருக்கும்.

விலை உயர்ந்த செயற்கை எண்ணெய் ஊற்றினால் இரு மடங்கு தூரம் ஓட்டலாமா? அது வெப்பத்தைத் தாங்கும், எளிதில் பிசினாகாது. ஆனால் அதன்மேல் வந்து விழும் கரியும் நீரும் அமிலமும் குறைவதில்லை. காரின் கையேடு இசைவு தந்தாலன்றிக் காலத்தை நீட்டிக்க வேண்டாம்.

டப்பாவின் மேலுள்ள எண்கள்

எண்ணெய் டப்பாவில் 5டபிள்யூ-30 என்பது போன்ற குறி இருக்கும். இது எண்ணெயின் பாகுநிலையைக் காட்டுவது. பாகுநிலை என்பது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடை. தண்ணீருக்குக் குறைவு, தேனுக்கு அதிகம். பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரி செல்சியசில் எண்ணெய் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று சொல்கிறது. எண் கூடினால் எண்ணெய் கெட்டி. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறிதானால், குளிரில் எண்ணெய் எளிதில் ஓடும்.

எண்ணெய் 40 டிகிரியில் இருக்கும்போது 100 டிகிரியில் உள்ளதைப் போல் ஆறேழு மடங்கு கெட்டியாக இருக்கும். எனவே ‘நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய்தான் நல்லது’ என்று புதிய காரில் விருப்பம்போல் ஊற்றக் கூடாது. பேரிங்கின் இடைவெளி, எண்ணெய்ப் பம்பு, குழாய்கள் யாவும் ஒரு குறிப்பிட்ட பாகுநிலைக்கு என்றே அமைக்கப்பட்டவை. கெட்டி எண்ணெய், கிளப்பும் நேரத்தில் உச்சியிலுள்ள பாகங்களுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளையும் டப்பாவில் காணலாம். அதை அடுத்து வரும் குறி எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கும், சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கும் உரிய தரம். 2020-இல் வந்த எஸ்.பி. என்னும் தரம், 2010-இல் வந்த எஸ்.என். தரத்தைவிட மேம்பட்டது. கையேடு கேட்கும் தரத்துக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

கியர் பெட்டியின் உலகம் வேறு

கியர் பெட்டியில் எரிதல் இல்லை. ஆகவே கரி இல்லை, பெட்ரோல் இல்லை, எரிவதால் வரும் நீரும் அமிலமும் இல்லை. அங்குள்ள எண்ணெய் மூடிய பெட்டிக்குள் அமைதியாக நெடுங்காலம் வாழ முடியும். ஆனால் அதற்கும் ஒரு சோதனை உண்டு.

இரண்டு பற்சக்கரங்கள் சந்திக்கும் இடம் மெல்லிய கோடு போன்றது. எஞ்சினின் விசை முழுவதும் அக்கோட்டின் வழியே செல்ல வேண்டும். அங்கு ஏற்படும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு. அவ்வழுத்தத்தில் எண்ணெய் கணநேரம் பிசின் போல இறுகிவிடுகிறது. எஃகுப் பற்களும் மிகச் சிறிதளவு அமுங்கிக் கொடுக்கின்றன. இறுகிய எண்ணெய் பற்களைப் பிரித்து வைக்கிறது. அடுத்த கணமே அது பழையபடி திரவமாகிவிடும்.

இதற்கெனக் கியர் எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. புதிய டப்பாவைத் திறந்ததும் வீசும் கந்தக நெடி அதனால் வருவது. அதன் தரத்தை ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று குறிப்பிடுவர். ஐந்தில் இச்சேர்மங்கள் அதிகம். அதிகம் என்பதால் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கியர் மாற்றும்போது சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கப் பல பெட்டிகளில் பித்தளை வளையங்கள் உள்ளன. சில ஜி.எல்.-5 எண்ணெய்களின் சேர்மங்கள் பித்தளையை அரித்துவிடும். ஜி.எல்.-4 கேட்கும் பெட்டிக்கு அதையே ஊற்றுங்கள்.

கியர் எண்ணெயின் 80, 90 என்ற எண்களைக் கண்டு மலைக்க வேண்டாம். அவை வேறோர் அளவுகோலைச் சேர்ந்தவை. 90 என்னும் கியர் எண்ணெய், சூட்டில் ஏறக்குறைய 40 அல்லது 50 என்னும் எஞ்சின் எண்ணெயின் கெட்டியே உடையது.

கையால் கியர் மாற்றும் பெட்டிகளில் பொதுவாக எண்ணெய் வடிகட்டி இருப்பதில்லை. தேய்ந்த உலோகப் பொடி வெளியேற வழியின்றி எண்ணெயிலேயே சுற்றும். வடிக்கும் திருகில் ஒரு காந்தம் பொருத்தி இரும்புத் துகளைப் பிடிப்பது உண்டு. பித்தளைத் துகளைக் காந்தம் பிடிக்காது. எனவே கியர் எண்ணெயும் ஒருநாள் மாற்ற வேண்டியதே. காருக்குக் கார் வேறுபட்டாலும், பொதுவாக 40,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் அந்நாள் வரும். கியர் விழுவது கடினமானாலும், மாற்றும்போது உரசல் ஒலி கேட்டாலும் அதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் சென்ற காருக்கு இக்கணக்கு பொருந்தாது. கியர் பெட்டியின் மேல் காற்று வந்துபோக ஒரு சிறு துளை உண்டு. சூடான பெட்டி நீரில் மூழ்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்க, அத்துளை வழியே நீர் உள்ளே இழுக்கப்படும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது எண்ணற்ற கார்கள் இப்படி மூழ்கின. அத்தகைய காரில் எஞ்சின் எண்ணெயையும் கியர் எண்ணெயையும் வடித்துப் பார்க்காமல் கிளப்பவே கூடாது. எண்ணெய் பால் கலந்தாற்போல் இருந்தால், நேற்று ஊற்றியதே ஆனாலும் மாற்றிவிட வேண்டும்.

தானியங்கிக் கியர் பெட்டியின் திரவம் உயவு வேலையோடு விசையைக் கடத்தும் வேலையையும் செய்கிறது. அதற்குக் கையேடு சொன்ன வகையைத் தவிர வேறொன்றை ஊற்றுவது பெருஞ்செலவில் முடியும். நம் நாட்டு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எஞ்சின், கியர், கிளட்சு மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். அவற்றில் கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்சு வழுக்கக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மாதம் இருமுறையாவது எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுங்கள். எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையே இருக்க வேண்டும். குறைந்தால் ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தீமையே. கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை சுமை தாங்காது. மட்டம் திடீரென்று கூடியிருந்தால் பெட்ரோலோ நீரோ கலந்திருக்கலாம் என்று ஐயுறுங்கள்.

ஓட்டும்போது எண்ணெய்க் குடம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், அது எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது என்னும் அபாய அறிவிப்பு. அடுத்த ஊர் வரை போகலாம் என்று எண்ணாமல் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

எண்ணெயை எஞ்சின் சூடாக இருக்கும்போது வடிக்கச் செய்யுங்கள். மிதக்கும் அழுக்கும் கூடவே வந்துவிடும். வடிகட்டியையும் அப்போதே மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் தூரமானி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். எரிதலில் பிறந்த நச்சுப் பொருள்கள் அதில் உள்ளன. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். நெடுங்காலம் தோலில் பட்டால் புற்றுநோய்க்கும் இடமுண்டு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பழைய எண்ணெய் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்கே போய்ச் சேர வேண்டும். உங்கள் பட்டறைக்காரர் அதை யாருக்குக் கொடுக்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த ஆலைகளில் பழைய எண்ணெயிலிருந்து நீரையும் பெட்ரோலையும் ஆவியாக்கிப் பிரிக்கின்றனர். வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துக் கரியையும் தீர்ந்துபோன மருந்துகளையும் நீக்குகின்றனர். எஞ்சுவது தெளிந்த அடிப்படை எண்ணெய். அதில் புதிய சேர்மங்களைக் கலந்து மீண்டும் ஓர் எஞ்சினில் ஊற்றலாம். எண்ணெய் தேயவில்லை, அழுக்கால் நிரம்பியது என்று நாம் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. உங்கள் காரில் அது எவ்வளவு விரைவில் நிரம்புகிறது என்பது தூரமானியில் பாதி, நீங்கள் ஓட்டும் விதத்தில் பாதி.